துண்டுக்குள் போகாத கை

ராசு அண்ணன் வழக்கம்போலத் தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டு மூடிக்கொண்டு, ஆளைப் பார்க்காமலேயே கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் நிமிர்ந்தார். எதிரே நான் நின்றுகொண்டிருந்தேன்.

கை பாதியில் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் போனது. துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

"செல்லப்பாண்டி வரலையா தங்கச்சி?"

செல்லப்பாண்டி என் வீட்டுக்காரர். வாய்க்கால் சேற்றில் வழுக்கிக் கணுக்கால் எலும்பு விட்டுப்போய், மாவுக்கட்டோடு வீட்டில் கட்டிலில் கிடந்தார். அது ராசு அண்ணனுக்கும் தெரியும். நாலு நாளைக்கு முன்னால் ரொட்டிப் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனவர்தான். தெரிந்தும் கேட்டார். வேறு என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"வரல. நான்தான் வந்திருக்கேன். முப்பத்திரண்டு பெட்டி கொய்யா. வெலையச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். மண்டியில் அந்தக் காலை நேரத்தில் இருபது பேராவது இருப்பார்கள். எல்லோரும் ஆம்பளைகள். ஓரத்தில் தார்ப்பாயில் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்த எட்டுப் பெண்களை நான் சேர்க்கவில்லை. மண்டியில் யாரும் சேர்ப்பதில்லை.

"யாராவது ஆம்பளை ஆளு ஒருத்தரக் கூட்டிக்கிட்டு வா தங்கச்சி. ரெண்டு நிமிசத்துல முடிச்சிரலாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியாது. இல்லை, தெரியும். அதைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். போன வாரம் இதே பக்கத்தில் நான் எழுதிய, கிணறு தூர்வாரிய கதையைப் படித்துவிட்டு, திருநகரில் டீச்சராக இருக்கும் என் மகள் போன் போட்டு, "ஏம்மா, எழுதும்போதும் சண்டை போடுற" என்று கேட்டாள். ஆமாம், போடுவேன். சண்டை போடாமல் எனக்கு எழுத வராது.

விரல் சொல்லும் விலை

டவுனில் இருப்பவர்களுக்கு இந்தத் துண்டு விவகாரம் தெரியாது. காளவாசலில் தள்ளுவண்டியை நிறுத்தி, கொய்யாப்பழத்தை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவச் சொல்லித் தின்கிறீர்களே, அந்தப் பழத்துக்கு முதல் விலை எப்படி விழுகிறது என்று சொல்கிறேன்.

பெரிய மார்க்கெட்டுகளில் வாயால் ஏலம் விடுகிறார்கள். சில இடங்களில் போனிலேயே விலை வந்துவிடுகிறது. அலங்காநல்லூருக்குப் போகிற ரோட்டோரம் இருக்கும் எங்கள் மண்டியில் அதெல்லாம் கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, ஒரு மேசை, அதற்குப் பின்னால் ராசு அண்ணன். அவ்வளவுதான் மண்டி.

விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்குள்ளே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் பெட்டிக்கு நூறு. விரலில் பாதியைப் பிடித்தால் ஐம்பது. அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்துவிட்டு, பிறகு ஒரு விரலைத் தனியாகப் பிடித்தால் அறுநூறு. மாட்டுச் சந்தையில் இருந்து வந்த பழக்கம் என்கிறார்கள். வாயில் விலை வராது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மழை எப்போது வரும், யார் வீட்டுக் கல்யாணம் எப்போது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே விரல்கள் அழுத்தும், மடக்கும், உதறும். முடிந்ததும் துண்டு விலகும்.

ஏன் இந்த மறைப்பு என்று கேட்டால், ஒருத்தன் விலை இன்னொருத்தனுக்குத் தெரியக் கூடாதாம். தெரிந்தால் மனசு சங்கடமாம். யாருடைய மனசு என்று நான் ரொம்ப காலம் யோசித்ததில்லை.

அடுத்த வீட்டு ஆம்பளையின் கையை ஒரு பொம்பளை துண்டுக்குள் பிடிக்க முடியாது. யாரும் சட்டம் போடவில்லை, போட வேண்டிய தேவையும் இல்லை. அதனால் எங்கள் பக்கம் எத்தனை பெண்கள் கொய்யா வளர்த்தாலும் ஒருத்தியும் அதை விற்றதில்லை. புருசன் இல்லாதவள் மகனை அனுப்புவாள். மகன் வெளியூரில் இருந்தால் கொழுந்தனை அனுப்புவாள். கொழுந்தன் டீ குடித்து, கையை நீட்டி, வாங்கிக்கொண்டு வருவான். தோட்டத்தில் எத்தனை மரம் நிற்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

தலையில் இருந்தால் கனமில்லை

எங்களுக்கு இரண்டு ஏக்கர். என் அப்பாவும் இவருடைய அப்பாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தே செத்துப்போனவர்கள். இவர் முதலில் லாரியில் கிளீனர், பிறகு டிரைவர் என்று அலைந்தார். நான் கண்ட காட்டிலும் களை பறித்தேன். சீட்டுப் போட்டு, கழுத்தில் கிடந்ததை விற்று வாங்கிய இடம் அது. பட்டா அவர் பேரில் இருக்கிறது. வேலை என் பேரில் இருக்கிறது. இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். சிரிக்கும்போது பார்க்க நன்றாக இருப்பார். அதனால் அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் எனக்கு வழியில்லாமல் போய்விடுகிறது.

கொய்யா பறிப்பது பொம்பளை வேலை. கை மெத்தென்று இருக்குமாம். களை பறித்துக் காய்ப்புக் காய்த்த என் உள்ளங்கையை யாராவது தொட்டுப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லட்டும்.

ஆனால் அந்தப் பறிப்பில் எனக்குப் பெருமை உண்டு. பொழுது விடிந்து பனி காய்வதற்குள் இறங்க வேண்டும். கரும்பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கும், அதுதான் பக்குவம். மஞ்சள் விழுந்துவிட்டால் மண்டி போய்ச் சேர்வதற்குள் குழைந்துவிடும். காயைக் கையில் ஏந்தி லேசாகத் திருகினால் காம்போடு, ஒரு இலையோடு வரும். நகம் பட்டால் மறுநாள் அந்த இடம் கறுத்துவிடும். பறிக்க வருகிற பெண்கள் எல்லோருக்கும் நகம் ஒட்ட வெட்டியிருக்கும். கண்ணாடி வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றி, துணியால் கட்டிக்கொள்வார்கள். கொய்யா இலையை நசுக்கிய வாசம் குளித்த பிறகும் கையை விட்டுப் போகாது. என் மகள் சின்னதில் அந்தக் கையை மோந்துகொண்டுதான் தூங்குவாள்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

பறித்த காயைப் பெட்டியில் அடுக்கித் தலையில் தூக்கி, கிளைக்குக் கிளை குனிந்து, வரப்பு வழியாக ரோடு வரைக்கும் கொண்டுவருவது பெண்கள். எங்கள் காட்டில் அது நல்ல தூரம். ரோட்டில் குட்டியானை வண்டி நிற்கும். அந்த வண்டியில் பெட்டியை ஏற்றுவது ஆண்கள். இடுப்பு உயரம்தான். அதற்குப் பெயர் லோடு. லோடுக்குத் தனிக் கூலி, தனி டீ, தனி வடை. கேட்டால் கனமான வேலை என்பார்கள். ஒரே பெட்டி. பொம்பளை தலையில் இருக்கிற வரைக்கும் அதற்குக் கனம் கிடையாது. ஆம்பளை கைக்கு மாறினதும் கனம் வந்துவிடும்.

இதில் என் மேலும் தப்பு இருக்கிறது. சொந்தக் காடு ஆன பிறகு நானும் அப்படித்தான் கூலி கொடுத்தேன். ஊர் வழக்கம் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒருத்தி கேட்டாள், "ஏக்கா, நீயும் எங்ககூடக் களை பறிச்சவதானே?" வேறு எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். மறு வாரத்தில் இருந்து பெட்டி சுமக்கிறவர்களுக்கும் லோடுக் கூலி சேர்த்துக் கொடுத்தேன். நாலு தோட்டக்காரர்கள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். அதில் இரண்டு பேர் இன்றைக்கும் பேசுவதில்லை. எனக்கு ஒன்றும் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை பக்கத்து ஊரில் கொய்யா வளர்ப்பதற்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். பட்டாவில் பேர் இருப்பவர் வர வேண்டும் என்றார்கள். இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் ஒரு தொப்பியும் ஒரு தாளுமாகத் திரும்பி வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "கிளைய வளைச்சுக் கட்டணுமாம். நல்லாப் பூக்குமாம்" என்றார். எந்தக் கிளையை, எந்த மாதத்தில், எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"பேச்சி, நீ போயிருக்கணும். அங்க உக்காந்திருந்த நாப்பது பேருல ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. எங்களுக்குக் கேள்வியே தெரியல" என்றார்.

இப்படிச் சொல்கிற மனுசனை என்ன செய்ய முடியும்? தாளைப் பார்த்து, நானே நாலு மரத்தில் வளைத்துக் கட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர் கயிறு பிடித்தார்.

வாய்க்கு என்ன கூச்சம்

மண்டிக்குத் திரும்புவோம்.

ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு வாரத்தில் அந்தப் பருவத்துக் காய்ப்பே முடிந்துவிடும். மழைக்காலத்துக் காய் வேறு, மரத்தில் விட்டால் பழ ஈ குத்திவிடும், பறித்து வைத்தால் மூன்றாம் நாள் குழைந்துவிடும். மண்டியில் நான் விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருசத்துப் பாடு மரத்தடியில் அழுகும். மதுரைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வண்டி வாடகையே விழுங்கிவிடும். அதனால்தான் அன்று காலை நான் கிளம்பினேன். இவர் கட்டிலில் இருந்து, "யாரையாவது அனுப்புவமா?" என்றார். "யாரை?" என்றேன்.

ஆக, ஆம்பளை ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று ராசு அண்ணன் சொன்னதும் எனக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. வண்டி ஓட்டிக்கொண்டு வந்த மணி.

"நான் வேணா கைய விடவாக்கா?"

ராசு அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "அட, மணி இருக்கான்ல. வாடா" என்றார்.

"மணிக்குக் கொய்யாவப் பத்தி என்னண்ணே தெரியும்?" என்று கேட்டேன்.

"திங்கத் தெரியும்க்கா" என்றான் மணி. அவன்மேல் தப்பில்லை, உதவத்தான் வந்தான். ஆனால் பாருங்கள், செடி நட்டதில் இருந்து இன்று காலை பறித்தது வரைக்கும் எல்லாம் செய்தவள் நான் பேசக் கூடாது. வண்டி ஓட்டியவன் பேசலாம். அவனை வண்டியிலேயே போய் உட்காரச் சொன்னேன்.

அப்போதுதான் தார்ப்பாய் பக்கம் இருந்து பஞ்சவர்ணம் பேசினாள். அந்த மண்டியில் இருபது வருசத்துக்கு மேலாகக் காய் பிரிப்பவள். காயைக் கையில் எடுத்தால் போதும், எது நாளைக்குப் பழுக்கும், எது மறுநாள் பழுக்கும், எதற்குள் புழு இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கை வேலையை நிறுத்தாமல் சொன்னாள்.

"கையப் புடிக்கத்தானே கூச்சம். வாய்க்கு என்ன கூச்சம்?"

காய் பிரிக்கும் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ராசு அண்ணன் தவித்துப்போனார். நல்ல மனுசன்தான், கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தவிப்பில் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், "சரி, கிட்ட வா, காதுல சொல்றேன்" என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் அது கையைப் பிடிப்பதைவிட மோசம் என்று அவருக்கே உறைத்தது. இந்தத் தடவை ஆம்பளைகளும் சிரித்தார்கள்.

வேறு வழியில்லாமல் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஐந்நூறு."

அந்த எட்டுப் பெண்களின் கைகளும் நின்றன. எனக்கு இன்றைக்கும் அது கண்ணுக்குள்ளே நிற்கிறது. இத்தனை வருசமாக முதல் ரகம், இரண்டாம் ரகம், ஜூஸுக்குப் போகிறது என்று லட்சக்கணக்கான காயைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். எது என்ன விலைக்குப் போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கொட்டகையில் ஒரு விலையைக் காதால் கேட்கிறார்கள்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க" என்றேன். கேட்கத்தான் செய்தது.

"ஐந்நூறு தங்கச்சி."

"எழுநூறு."

"ஏத்தா, இது என்ன ஆப்பிளா?"

"ஆப்பிள்னா உங்ககிட்ட ஏன் கொண்டுவாரேன்? பஞ்சவர்ணம், இங்க வா. இந்தப் பெட்டியப் பாத்துட்டு நீயே சொல்லு."

இதை நான் கேட்டிருக்கக் கூடாது. அவளுக்குக் கூலி கொடுப்பவர் அவர். அவள் என்ன சொன்னாலும் யாராவது ஒருவர் வருத்தப்படுவார்கள். கோபத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. பஞ்சவர்ணம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். மேலே இருப்பதைத் தொடவில்லை. பெட்டியின் அடி வரைக்கும் கையை விட்டு, அங்கே விரித்திருந்த பேப்பரோடு ஒட்டிக் கிடந்த காய்களில் ஐந்தாறை வெளியே எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தாள். ஒன்றை மோந்தாள்.

"அடியிலயும் மேலயும் ஒரே காய்ண்ணே. சொத்தை இல்ல. ரெண்டு நாள் தாங்கும்" என்றாள். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அறுநூற்று ஐம்பதுக்கு முடிந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

எனக்குப் பின்னால் நின்றிருந்த பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் பத்து நிமிசத்துக்கு முன்னால்தான் துண்டுக்குள் கைவிட்டு விற்று முடித்திருந்தார். அவர் முன்னால் வந்தார்.

"ராசு, எனக்கு நானூத்தம்பதுதான குடுத்த? என் காய்க்கு என்ன கொறை?"

"அது வந்து பெரியப்பா... பொம்பளைப் புள்ள, புருசன் காலு ஒடிஞ்சு கெடக்கான். பாத்துக் குடுத்தேன்."

பெரியவர் மேசைமேல் கையை ஊன்றினார்.

"அப்ப என்னையும் பொம்பளைன்னு வச்சுக்க. வெலைய வாயில சொல்லு."

மண்டியே சிரித்தது. ராசு அண்ணனும் சிரித்தார், வேறென்ன செய்வார்? ஆனால் அடுத்து நின்ற மூன்று பேரும் கையை நீட்டவில்லை.

கட்டிலில் கிடந்தவர் சொன்னது

நான் வீடு வருவதற்குள் இவருக்கு யாரோ போன் போட்டுவிட்டார்கள், உன் பொண்டாட்டி மண்டியில் கலாட்டா செய்துவிட்டாள் என்று.

"எம்புட்டுக்குப் போச்சு?" என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சரி, மானம் போய்விட்டது என்று நினைக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆரம்பித்துவிட்டேன். ஆம்பளை ரோசம், பொம்பளை பேசினால் பொறுக்காது, முப்பது வருசமாக உழைத்துப்போட்டு என்ன கண்டேன், எல்லாம். அவர் நான் முடிக்கிற வரைக்கும் பேசவில்லை. என்னோடு குடும்பம் நடத்தி அந்தப் பொறுமை வந்திருக்கிறது.

முடித்ததும் சொன்னார், "எனக்கு ஒரு நாளும் அம்புட்டுக் குடுத்ததில்ல பேச்சி."

"நீங்க கேட்டிருக்கணும்."

"துண்டுக்குள்ள எப்படிக் கேக்குறது? நான் அவரு விரலப் புடிக்கிறதுக்கு முன்னாடியே என் விரல மடக்கி விட்டுருவாரு. அதோட முடிஞ்சது. நான் ஒரு தடவகூடத் திருப்பி அழுத்துனது இல்ல."

ஏன் என்றேன்.

"எங்கப்பா அவங்க வீட்டுல பண்ணையில இருந்தவரு. அந்தக் கையப் புடிச்சு அழுத்த எனக்கு வரல. என்ன செய்யச் சொல்ற?"

நான் ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் துண்டு எல்லா ஆம்பளைகளுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே போகிற கைக்கெல்லாம் அங்கே ஒரு அதிகாரம் இருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்று வயிறெரிந்திருந்தேன். எத்தனையோ தடவை, என்ன இவ்வளவு குறைவாகக் கொண்டுவருகிறார், வழியில் எங்கே விட்டார் என்று அவர் தூங்கும்போது சட்டைப்பையைத் தடவிப் பார்த்திருக்கிறேன். பீடிக்கட்டும் பஸ் டிக்கெட்டும்தான் இருக்கும். வாரத்துக்கு வாரம் அந்தக் கொட்டகையில் கையை மடக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து "நல்ல வெலைதான்" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. கடைக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கி வந்து மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி தின்றார். எனக்கும் ஒரு துண்டு எடுத்து ஊட்டினார். இந்த வயதில் இது என்ன கூத்து என்று திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

காய்ப்பு முடிகிற வாரம்

அந்த ஆறு வாரமும் நானே விற்றேன். சில ஆண்கள் வாயால் கேட்டார்கள். நிறையப் பேர் பழையபடி துண்டுக்கே போய்விட்டார்கள். பேசிப் பழகாதவர்களுக்குப் பேச்சும் பயம்தான். இன்னும் ஒன்றிரண்டு பெண்கள் தங்கள் காயோடு வந்து என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பஞ்சவர்ணத்துக்கு ஒரு வாரம் திட்டு விழுந்தது. அவளை நிறுத்தவில்லை, அவளைப் போலக் காய் பிரிக்க ராசு அண்ணனுக்கு வேறு ஆள் கிடைக்காது. நான் அவளிடம் போய், உன்னை இழுத்து விட்டுவிட்டேன் என்றேன். "நீ கூப்புடலைன்னா நானே வந்திருப்பேன். ஆனா கூலிய ஏத்திக் கேக்கும்போது நீ வந்து நிக்கணும்" என்றாள். அவளுக்குக் கூலி இன்னும் ஏறவில்லை. எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது.

இதற்கிடையில் ராசு அண்ணன் இவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். "காலு சரியானதும் நீயே வாப்பா. வீட்டுப் பொம்பளைய அனுப்பாத. மண்டி கெட்டுப்போகுது."

இவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சண்டையில் முடியும் என்று பயந்தேன். சண்டைக்கு நான் பயந்தது அப்போதுதான்.

மாவுக்கட்டுப் பிரித்த வாரம், கடைசிப் பறிப்பு. இவர் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். கம்பை ஊன்றிக்கொண்டு வண்டி வரைக்கும் நடந்து வந்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் நடுவில், மணி ஓட்ட, மூன்று பேருமாகப் போனோம். இவர் துண்டுக்குள் கையை விட்டுவிட்டால் அதற்குப் பிறகு நான் மண்டிக்கு வருவதற்குக் காரணமே இல்லை. பறிப்பதோடும் சுமப்பதோடும் என் வேலை மறுபடியும் ரோட்டோரம் முடிந்துவிடும்.

ராசு அண்ணன் இவரைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "வாப்பா செல்லப்பாண்டி, வா வா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நாற்காலியில் இவரை அவர் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. இவர் உட்காரவில்லை. கம்பை இடது கையில் ஊன்றி நின்றார்.

துண்டு தோளில் இருந்து இறங்கியது. கையை மூடியது. நீண்டது. தார்ப்பாயில் பஞ்சவர்ணம் கையில் ஒரு காயை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர் அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு கம்பை இடது கையில் இருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவகிட்டயே சொல்லுங்கண்ணே" என்றார். "சத்தமாச் சொல்லுங்க. எனக்கும் கேக்கணும்."

ராசு அண்ணன் துண்டை மடித்து மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்து விலையைச் சொன்னார். குறைவாகத்தான் சொன்னார்.

நான் பேச ஆரம்பித்தேன்.